பார்சிபாகன் சந்திலிருந்து வியன்னாவுக்கு: இந்திய உளப்பகுப்பாய்வின் முன்னோடி கிரீந்திரசேகர் போஸ்

கொல்கத்தா: வடக்குக் கொல்கத்தாவில் ராஜாபஜார் அறிவியல் கல்லூரிக்கு அருகே பார்சிபாகன் என்றொரு சந்து உள்ளது. 1906-ஆம் ஆண்டு சுதேசி இயக்கத்தின்போது, நாட்டின் முதல் தேசியக் கொடிகளுள் ஒன்று ஏற்றப்பட்டதாகக் கூறப்படும் சதுக்கமும் இப்பகுதியில்தான் இருந்தது. அச்சந்தின் 14-ஆம் எண் வீட்டில், 1922-ஆம் ஆண்டு மருத்துவர்களும் கல்லூரி ஆசிரியர்களுமாகச் சிலர் கூடி இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினர். வீட்டின் உரிமையாளரும் சங்கத்தின் தலைவரும் ஒருவரே. அவர் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ்.

வியன்னாவுக்கோ லண்டனுக்கோ அவர் சென்றதில்லை. எந்த ஐரோப்பிய ஆசானிடமும் பயிற்சி பெறவும் இல்லை. ஆயினும் சிக்மண்ட் பிராய்டுடன் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். பிராய்டின் கொள்கையை இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர் என்று பாடநூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. ஆனால், அக்கொள்கையின் மையத்தில் இருந்த ஒரு கருத்தைத் தம் நோயாளிகளின் சான்றைக் கொண்டு பிராய்டிடமே மறுத்தவர் என்பது அந்நூல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

தர்பங்காவில் பிறப்பு

கிரீந்திரசேகர் 1887-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி பிறந்தார். தந்தை சந்திரசேகர் போஸ், பீகாரின் தர்பங்கா சமஸ்தானத்தில் திவானாகப் பணியாற்றியவர். வேதாந்தத்தில் ஈடுபாடு கொண்ட குடும்பம் அது. ஒன்பது பிள்ளைகளில் கிரீந்திரசேகரே இளையவர். அவருடைய மூத்த சகோதரர்களில் ஒருவரான ராஜசேகர் போஸ், 'பரசுராம்' என்ற புனைபெயரில் வங்க மொழியின் தலைசிறந்த நகைச்சுவை எழுத்தாளராகப் புகழ்பெற்றவர். வங்க மொழி அகராதியான சலந்திகாவைத் தொகுத்தவரும் அவரே. பெங்கால் கெமிக்கல் நிறுவனத்தை நிர்வகித்த வேதியியலாளரான அந்த அண்ணன், பிற்காலத்தில் தம்பியின் பணிக்குச் செய்த உதவி பெரிது.

பிரசிடென்சி கல்லூரியில் பயின்ற கிரீந்திரசேகர், 1910-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே மாயாஜாலக் கலையிலும் ஹிப்னாடிசத்திலும் அவருக்கு ஆர்வம் மிகுந்திருந்தது. பொதுவாக மருத்துவ மாணவர்களின் பொழுதுபோக்காக முடிந்துவிடக்கூடிய இந்த ஆர்வம், இவரிடம் தொழிலாகவே மாறியது. பொது மருத்துவம் பார்த்துக்கொண்டே, உடலில் குறை ஏதும் தென்படாமல் துன்புற்றவர்களுக்கு ஹிப்னாடிச முறையில் சிகிச்சை அளித்து வந்தார்.

அக்காலத்தில் மனநோயாளியின் நிலை எப்படி இருந்தது என்பதை நினைவில் கொண்டால்தான் இதன் பொருள் விளங்கும். நாட்டில் நடைமுறையில் இருந்தது 1912-ஆம் ஆண்டின் இந்திய பைத்தியச் சட்டம். நோயாளியைக் காப்பகத்தில் சேர்ப்பதும் அடைத்து வைப்பதும் விடுவிப்பதுமே அச்சட்டத்தின் பெருங்கவலை. குணப்படுத்துவது பற்றிய பேச்சு குறைவு. சென்னை கீழ்ப்பாக்கம் உள்ளிட்ட இடங்களில் பெரிய காப்பகங்கள் இருந்தன. ஐரோப்பியருக்குத் தனிக் காப்பகம், இந்தியருக்குத் தனிக் காப்பகம் என்ற பாகுபாடும் இருந்தது. காப்பகத்துக்கு அனுப்பும் அளவுக்கு நோய் முற்றாதவருக்கு, அதாவது அச்சத்தாலும் ஓயாத சந்தேகத்தாலும் காரணமற்ற துயரத்தாலும் வாடிய சாதாரணக் குடும்பத்து மனிதருக்கு, மந்திரவாதியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

பல்கலைக்கழகத்தில் உளவியல்

கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால், 1916-இல் அங்கு சோதனை உளவியல் துறை தொடங்கப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் உளவியலுக்கென அமைந்த முதல் துறை இதுவே. ஹார்வர்டில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதன் தலைவரானார். (மைசூரில் 1924-இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இலும்தான் இத்துறை வந்தது.) மருத்துவராகத் தொழில் நடத்திக்கொண்டிருந்த கிரீந்திரசேகர், மீண்டும் மாணவராகி, 1917-இல் அங்கு முதுநிலைப் பட்டம் பெற்றார். உடனேயே பிறழ்நிலை உளவியலைக் கற்பிக்கும் ஆசிரியராகவும் அமர்த்தப்பட்டார்.

1921-இல் அவர் அளித்த ஆய்வேட்டுக்குப் பல்கலைக்கழகம் அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. ஆய்வேட்டின் பொருள், விருப்பங்கள் மனத்தின் அடியில் ஒடுக்கப்படும் முறை. அதே ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. நூலின் ஒரு படியை அவர் வியன்னாவுக்கு அனுப்பி வைத்தார்.

சில மாதங்களிலேயே பிராய்டிடமிருந்து பதில் வந்தது. உளப்பகுப்பாய்வு ஐரோப்பாவிலேயே எதிர்ப்புக்கும் ஏளனத்துக்கும் ஆளாகிக்கொண்டிருந்த நேரம் அது. இவ்வளவு தொலைவிலுள்ள நாட்டில் தம் கருத்துகள் அக்கறையுடன் படிக்கப்படுவதைக் கண்டு பிராய்ட் வியப்பும் மகிழ்ச்சியும் தெரிவித்திருந்தார்.

பாராமலே வரைந்த படம்

இக்கடிதத் தொடர்பின் தொடக்கத்தில் ஒரு சுவையான நிகழ்வு உண்டு. பிராய்டின் முகத்தை அறியாத ஓவியர் ஜதீந்திரகுமார் சென், அவருடைய எழுத்துகள் தந்த எண்ணத்தை மட்டுமே கொண்டு அவரது உருவத்தை வரைந்தார். அப்படம் வியன்னாவுக்கு அனுப்பப்பட்டது. படம் அழகாகவே இருக்கிறது, தமக்குத் தகுதிக்கு மீறிய அழகு என்ற வகையில் பிராய்ட் பதில் எழுதினார். தம் தோழி லூ ஆந்திரியாஸ்-சலோமேக்கு எழுதிய கடிதத்தில், இந்திய ஓவியர் தம்மை முழு ஆங்கிலேயராகவே ஆக்கிவிட்டதாக வேடிக்கையாகக் குறிப்பிட்டார். அறிஞர் என்றால் ஆங்கிலேயர் முகம்தான் என்று அன்றைய கல்கத்தா எண்ணியதில் வியப்பில்லை.

1922-இல் தொடங்கப்பட்ட சங்கம், அப்போது எர்னஸ்ட் ஜோன்ஸ் தலைமையில் இருந்த சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் இணைப்பைப் பெற்றது. மேற்கத்திய நாடுகளுக்கு வெளியே அமைந்த முதல் உளப்பகுப்பாய்வுச் சங்கம் இதுவே என்பது குறிப்பிடத்தக்கது. தொடக்க உறுப்பினர்கள் 15 பேர். உளவியல், தத்துவப் பேராசிரியர்களும் மருத்துவர்களும் அவர்களில் பெரும்பான்மையினர். ராஞ்சியில் ஐரோப்பியருக்கான மனநலக் காப்பகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஓவன் பெர்க்லி-ஹில் போன்ற ஆங்கிலேயர்களும் இருந்தனர்.

ஒரே சங்கத்தில் இருந்தாலும் இரு தரப்பினரின் பார்வையும் ஒன்றல்ல. பெர்க்லி-ஹில்லும் ராணுவ அதிகாரியான கிளாட் டாலியும் எழுதிய கட்டுரைகள், இந்தியர்களின் சமூக நடத்தையையும் சமய வழக்கங்களையும் நோயின் அறிகுறிகளாகக் காண முற்பட்டன. ஆளப்படும் மக்களின் மனப்பாங்கு ஆள்வோருடையதைவிட முதிர்ச்சி குறைந்தது என்ற முடிவு அவற்றில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. கிரீந்திரசேகர் அவர்களுடன் வாதப்போரில் இறங்கியதாகத் தெரியவில்லை. அவர் தம் வழியே வேறு வேலையைச் செய்துகொண்டிருந்தார். வங்காளிகளான தம் நோயாளிகளின் பேச்சைக் கேட்டு, அதிலிருந்து மனித மனம் முழுமைக்குமான ஒரு கோட்பாட்டை அவர் உருவாக்கினார்.

எதிர் விருப்பக் கோட்பாடு

எந்த விருப்பமும் மனத்தில் தனியாக எழுவதில்லை என்பது அக்கோட்பாட்டின் அடிப்படை. அடிக்க வேண்டும் என்ற விருப்பம் எழும்போதே, அடிபட வேண்டும் என்ற எதிர் விருப்பமும் நனவிலி மனத்தில் உடன் பிறக்கிறது. ஆள விரும்புவதற்கு ஆளப்பட விரும்புவதும், பார்க்க விரும்புவதற்குப் பார்க்கப்பட விரும்புவதும் இணை. இவ்விரண்டில் ஒன்று மட்டுமே ஒரு நேரத்தில் வெளிப்பட முடியும். மற்றது அடியில் ஒடுங்கிக் கிடக்கிறது. அந்த இழுபறி எல்லை மீறும்போது, வெளியே தெரிவது நோய்.

பிராய்டின் விளக்கத்தில், சமூகத்தின் தடையும் தண்டனை அச்சமுமே விருப்பங்களை அமுக்கி வைக்கின்றன. போஸின் விளக்கத்தில் தடை உள்ளேயே இருக்கிறது. ஒரு விருப்பத்தை ஒடுக்குவது அதன் இணையான மற்றொரு விருப்பம். இந்த வேறுபாடு சிறியது போலத் தோன்றினாலும், சமூக நடத்தை பற்றிய பார்வையையே மாற்றிவிடுகிறது. பிறர் துன்பத்தைக் கண்டு ஒருவர் துடிப்பது ஏன்? அடி வாங்கியவர் திருப்பி அடித்த பின்பே அமைதி அடைவது ஏன்? ஒவ்வொருவரும் தம்மையறியாமல் எதிரில் நிற்பவரின் இடத்திலும் நின்று பார்ப்பதால்தான் என்பது போஸின் விடை. இரக்கத்துக்கும் பழிவாங்கலுக்கும் ஊற்று ஒன்றே என்கிறது இக்கோட்பாடு.

சிகிச்சை முறையும் இதற்கேற்பவே அமைந்தது. வேட்டி அணிந்த மருத்துவர், சாய்வு நாற்காலியில் படுத்திருக்கும் நோயாளி. மனத்தில் தோன்றுவதையெல்லாம் தடையின்றிச் சொல்லச் செய்து, மருத்துவர் பெரும்பாலும் மௌனமாகக் கேட்பது வியன்னா முறை. போஸ் அதோடு நிற்கவில்லை. தந்தையிடம் அஞ்சும் மகனைத் தந்தையாகவே தன்னைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்வார். பின்னர் மீண்டும் மகனாக, மறுபடி தந்தையாக. ஏற்றமும் இறக்கமுமாக மாறி மாறிச் செல்லும் இந்த முறையில், ஒடுங்கிக் கிடந்த எதிர் விருப்பம் படிப்படியாக நனவு மனத்துக்கு வந்து சேரும் என்பது அவருடைய நம்பிக்கை. பாத்திரமேற்று நடிக்கச் செய்யும் சிகிச்சைகளைப் பற்றி இன்று படிக்கும் உளவியல் மாணவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. 1920-களில் நிலை வேறு. ஆசிரியர்போல் நோயாளிக்கு வழிகாட்டும் இம்முறை, இந்தியக் குரு-சீடர் உறவை நினைவூட்டுவதாகப் பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பிராய்டுக்கு எழுந்த ஐயம்

1929-ஆம் ஆண்டு, தாம் எழுதிய 13 கட்டுரைகளை பிராய்டுக்கு அனுப்பிய போஸ், ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். ஆண் குழந்தை தந்தையின் தண்டனைக்கு அஞ்சியே தாயின் மீதான பிடிப்பைக் கைவிடுகிறான் என்பது பிராய்டின் புகழ்பெற்ற கருத்து. தம் இந்திய நோயாளிகளிடம் அந்த அச்சம் ஐரோப்பியரிடம் காணப்படும் அளவுக்கு வலுவாக இல்லை என்று போஸ் எழுதினார். ஆணாக இருக்கும் விருப்பமும் பெண்ணாக இருக்கும் விருப்பமும் ஒருவருக்குள்ளேயே மோதுவதுதான் அடிப்படைப் போராட்டம் என்றும், தாயோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்ளும் நாட்டம் ஆண்களிடமும் ஆழமாக உள்ளது என்றும் அவர் வாதிட்டார்.

பிராய்ட் இதனைப் புறந்தள்ளவில்லை. இந்திய, ஐரோப்பிய நோயாளிகளிடையே போஸ் கண்ட வேறுபாடு தம்மைக் கவர்ந்ததாகவும், எதிர் விருப்பச் சிக்கலைத் தொடர்ந்து கருத்தில் கொள்வதாகவும் பதில் எழுதினார். ஆனால், கோட்பாட்டை அவர் முழுமையாக ஏற்கவில்லை. அது வடிவத்தை வலியுறுத்துகிறதே தவிர இயக்க விசையை விளக்கவில்லை என்றும், மூன்றாவது பரிமாணம் இன்றித் தட்டையாக உள்ளது என்றும் கருதினார். போஸும் பணிவு குறையாத மொழியில் தம் நிலையில் உறுதியாக நின்றார்.

ஒருவரையொருவர் சந்தித்திராத இருவரின் வாதம் இது. ஒருவரிடம் உலகம் முழுவதும் பரவிய இயக்கம் இருந்தது. மற்றவரிடம் இருந்தவை, ஒரு பல்கலைக்கழகத் துறையும், வீட்டின் முன்னறையில் நடந்த ஒரு சங்கமும், ஏடுகளில் குறித்து வைத்த நோயாளிகளின் பேச்சும் மட்டுமே. போஸின் கருத்து உலக அளவில் விவாதிக்கப்படாமலே நின்றுவிட்டது. அதில் பிழை இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால், முறையாகச் சோதித்துப் பார்த்த பிறகு அது ஒதுக்கப்படவில்லை என்பதே வருந்தத்தக்கது.

1931-இல் பிராய்டின் 75-ஆவது பிறந்தநாளுக்கு, கல்கத்தா சங்கத்தினர் தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலையை அனுப்பினர். பிராய்ட் அதனைத் தம் மேசை மீது வைத்துக்கொண்டார். தொலைநாடுகளில் உளப்பகுப்பாய்வு ஈட்டிய வெற்றியின் அடையாளமாக அச்சிலை விளங்கும் என்ற பொருள்பட நன்றி எழுதினார். கல்கத்தாவிலிருந்து சென்றது வாழ்த்து. வியன்னாவில் அது வெற்றிச் சின்னமாகப் பெறப்பட்டது. குளிர்காலம் வந்தபோது சிலையில் விரிசல்கள் தோன்றின. கல்கத்தாவுக்குப் பழகிய கடவுளுக்கு வியன்னாவின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பிராய்ட் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நாஜிகளிடமிருந்து தப்பி 1938-இல் அவர் லண்டன் சென்றபோது அச்சிலையும் உடன் சென்றது. இப்போது அது லண்டனில் உள்ள பிராய்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மூன்று படுக்கைகளுடன் மருத்துவமனை

கோட்பாட்டைக் காட்டிலும் நீடித்த பயன் தந்தது அவருடைய மருத்துவப் பணி. 1933-இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோயாளிகளுக்கான புறநோயாளிகள் பிரிவை அவர் தொடங்கினார். தற்போது ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி என்று அழைக்கப்படுவது அதுவே. நாட்டில் பொது மருத்துவமனை ஒன்றில் மனநலப் பிரிவு அமைந்தது அதுவே முதல் முறை. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து வாங்க வருவோர் நிற்கும் அதே வளாகத்தில், மனத்துயருக்கும் சிகிச்சை கிடைக்கும் என்ற நிலை உருவானது. நோயாளி மாலையில் வீடு திரும்பலாம். காப்பகத்தின் பூட்டிய கதவுகளைத் தவிர வேறு வழி அறியாத குடும்பங்களுக்கு இது எத்தகைய மாற்றம் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

1940-இல் கல்கத்தாவின் தில்ஜலா பகுதியில் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. நிலத்தையும் கட்டடத்தையும் அளித்தவர் அண்ணன் ராஜசேகர் போஸ். தொடக்கத்தில் மூன்று படுக்கைகளே இருந்தன. புத்தர் பிறந்த வனத்தின் பெயர் மருத்துவமனைக்குச் சூட்டப்பட்டது. கிரீந்திரசேகரின் மாணவரும் சங்கத்தின் முக்கிய உறுப்பினருமான தருண் சந்திர சின்ஹா அதன் வளர்ச்சிக்குப் பெரும் உழைப்பை அளித்தார்.

அங்கு அனுமதிக்கப்பட்டவர்களில் ஒருவர் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம். 1942-இல் பேச்சும் நினைவும் தடுமாறத் தொடங்கிய அவர், லும்பினி பார்க்கில் சில மாதங்கள் சிகிச்சை பெற்றார். முன்னேற்றம் ஏற்படவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1953-ஆம் ஆண்டின் இறுதியில், அவரை வியன்னாவில் பரிசோதித்த மருத்துவர்கள், மூளைத் திசு சிதையும் பிக் நோய் என்றும், குணப்படுத்த இயலாதது என்றும் தெரிவித்தனர். மனத்தில் எழும் போராட்டத்தால் வரும் நோய்க்கும், மூளையின் சிதைவால் வரும் நோய்க்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண்பது அன்றைய மருத்துவத்துக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு இது சான்று. இந்த முடிவு தெரியவந்தபோது கிரீந்திரசேகர் உயிருடன் இல்லை.

எழுத்தாளராகவும் ஆசிரியராகவும்

நரேந்திரநாத் சென்குப்தா லக்னோ சென்ற பின், பல்கலைக்கழக உளவியல் துறையின் பொறுப்பு கிரீந்திரசேகரிடம் வந்தது. 1949-இல் அவர் ஓய்வு பெற்றார். இந்தியாவின் பல பகுதிகளில் பின்னர் உளவியல் கற்பித்தவர்களில் அவரிடம் பயின்றோர் பலர். சங்கத்தின் ஆய்விதழான சமீக்ஷா 1947-இல், நாடு விடுதலை பெற்ற ஆண்டில் தொடங்கப்பட்டது. குழந்தைகளுக்கான போதாயனா என்ற பள்ளியையும் சங்கம் 1949-இல் தொடங்கியது.

ஆங்கிலத்தில் எழுதிய அறிவியல் கட்டுரைகளுக்கு இணையாக, தாய்மொழியிலும் அவர் எழுதினார். கனவுகளைப் பற்றிய 'ஸ்வப்னா' என்ற வங்க நூல் 1928-இல் வெளிவந்தது. புராணங்களின் கால வரிசையை ஆராயும் 'புராண பிரவேஷ்', பகவத் கீதைக்கு விளக்கம் ஆகியவையும் அவருடைய படைப்புகள். சிவப்பு எறும்புகளுக்கும் கறுப்பு எறும்புகளுக்கும் இடையிலான போரைச் சொல்லும் 'லால் காலோ' என்ற சிறுவர் கதையையும் அவர் எழுதியுள்ளார். தாயும் தந்தையும் இன்றி உளப்பகுப்பாய்வே இல்லை என்பார்கள். எறும்புகளை வைத்து எழுதியபோதாவது அவர் சற்று ஓய்வு எடுத்துக்கொண்டார் போலும்.

1953-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி கிரீந்திரசேகர் போஸ் காலமானார். அதுவரை 31 ஆண்டுகள் சங்கத்தின் தலைவராக அவரே நீடித்தார். அவருக்குப் பின் பல பத்தாண்டுகள் அவருடைய பெயர் வங்கத்துக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. அவரை மீண்டும் பொது விவாதத்துக்குக் கொண்டு வந்தவர்களில் சமூகவியல் அறிஞர் ஆஷிஷ் நந்தி முக்கியமானவர். உளவியல் அறிஞர் சுதிர் கக்கரின் எழுத்துகளும் இந்திய மனங்களைப் பற்றிய பழைய கேள்விகளை மீண்டும் எழுப்பின.

லும்பினி பார்க் மருத்துவமனை பின்னர் மேற்கு வங்க அரசின் பொறுப்பில் வந்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நீக்கியது. அதற்குப் பதிலாக வந்துள்ள 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக அறிவித்துள்ளது. இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் முகவரி மட்டும் மாறவில்லை: 14, பார்சிபாகன் சந்து, கொல்கத்தா.